குடியேறியோர் நகையும் கனேடியர் நகையும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அதற்கு உரைகண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் என எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காட்டினார். ஒரே மொழியைப் பேசி, ஒரே முடிக்கீழ் வாழ்ந்து, ஒரே நூல்களைப் பயின்ற இரு சாரார், நகையில் மாத்திரம் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாது நின்ற வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இவ்வுரையாசிரியர் வகுத்த பிரிவு பெரிதும் பயன்படுவதாகும். அவ்விரு சாராருட் பிரித்தானியாவிலிருந்து கனடாவிற் சென்று குடியேறியோர் ஒருவர். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலமொழிக் கனேடியர் மற்றையோர். பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மக்களின் நகை வேறொரு மரபினது. அதனை ஈண்டுச் சேர்த்துப் பேசுதல் பொருந்தாது.

ஆங்கிலேயர் நகை நுண்ணியது, கனேடியர் நகை பருமையானது என்று கூறுவாரும், ஆங்கிலேயர்க்கு நகைச்சுவையே இல்லை என்று கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றும் நூல்களைப் படியாது கூறப்படுவன. நகையின் நுண்மை பருமை பற்றி வாதிடுவதிலும், நகைப்பவர் எங்கே நின்றுகொண்டு நகைக்கின்றார் என்று வினாவுதல் நன்று.

1832ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சபொக் பகுதியிற் பிறந்த சூசன்னா மூடி என்னும் அம்மையார் தம் கணவரோடும் கைக்குழந்தையோடும் மேல் கனடாவிற் குடியேறினார். அவர் கண்ட காட்டுவாழ்க்கையைக் கூறும் நூல் 1852இல் இலண்டனில் வெளிவந்தது. நற்குடிப் பிறந்த ஏழைகள் காட்டுநிலத்தை நம்பி வந்து கெடாதிருக்கும் பொருட்டு எழுதப்பட்ட எச்சரிக்கை நூல் அது. ஆயினும் அதன்கண் இன்றும் படித்துச் சுவைக்கத்தக்க பகுதிகள் நகைப்பகுதிகளே. அயலவர் வந்து பொருள்களை இரவல் கேட்கும் வழக்கத்தை அவர் ஓர் அதிகாரம் முழுவதும் விரித்துரைக்கின்றார். தேயிலையும் சர்க்கரையும் வீட்டுத் தட்டுமுட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வாயிலைக் கடந்து செல்கின்றன. திரும்பி வருவன மிகச்சில. கேட்போர் நாணுவதுமில்லை, நன்றி கூறுவதுமில்லை. அவர்கள் பேச்சின் கொச்சையை ஒலி பிசகாது எழுத்தில் வடித்திருக்கின்றார் அம்மையார்.

இந்நகை எங்கே நின்று பிறக்கின்றது? ஆசிரியை தம் வீட்டு வாயிலில் நிற்கின்றார். வருபவள் வெளியே நிற்கின்றாள். படிப்பவர் கடலுக்கு அப்பால் இலண்டனில் இருக்கின்றார். அயலாளைக் காட்டி அப்படிப்பவரோடு சேர்ந்து ஆசிரியை நகைக்கின்றார். தான் பிறரை எள்ளி நகுதல் என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் நூலைக் கூர்ந்து நோக்குவார்க்கு வேறொன்றும் புலனாகும். மாடு கறக்கவும் அப்பம் சுடவும் அறியாத இந்தச் சீமாட்டியைக் கண்டு அயலவரும் நகைத்தனர். அந்த நகையை அம்மையார் மறைக்கவில்லை. எனினும் அதனோடு தாமும் சேர்ந்து நகைக்க அவரால் முழுவதும் இயலவில்லை. வடு ஆறவில்லை என்பது பல இடங்களிற் சொல்லின் வெம்மையாலே தெரிகின்றது. நூலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. எச்சரிக்கையை இன்று எவரும் பொருட்படுத்தார்.

மூடி அம்மையாருக்கு முன்னரே கிழக்குக் கரையில் இரு நகை நூல்கள் தோன்றிவிட்டன. அவற்றுள் ஒன்று, நோவா ஸ்கோஷியாவிற் பிறந்த நீதிபதி தோமஸ் சாண்ட்லர் ஹலிபேட்டன் 1836இல் வெளியிட்ட கடிகார வணிகன் கதை. சாம் சிலிக் என்னும் அமெரிக்கன் ஊரூராய்க் கடிகாரம் விற்று, நோவா ஸ்கோஷிய மக்களின் சோம்பலை இடித்துரைக்கின்றான். இங்கிலாந்தில் அந்நூல் பெரும்புகழ் பெற்றது. ஹலிபேட்டன் 1856இல் இங்கிலாந்திற் குடிபுகுந்து, பின்னர் அந்நாட்டுப் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். கனடாவிற் பிறந்தவரேயாயினும் அவருடைய நகை உயரத்தில் நின்று கீழ்நோக்கும் நகை. அதில் விரவிக் கிடக்கும் இன இழிவுப் பேச்சு இன்று படிப்பாரை முகஞ்சுளிக்க வைக்கும்.

மற்றையது, அதற்கும் மூத்தது. ஸ்கொத்லாந்திற் பிறந்து 1803இல் பிக்ரோ நகருக்கு வந்த தோமஸ் மக்கலொக் என்னும் கிறித்தவக் குருவானவர் 1821 முதல் 1823 வரை ஹலிபக்ஸ் பத்திரிகை ஒன்றில் எழுதிய கடிதங்கள் அவை. கடிதங்களை எழுதுபவன் கால் முடமான ஓர் ஏழை உழவன். முடவனாதலால் ஊர்சுற்ற இயலாது வீட்டிலிருந்து நிலத்தைத் திருத்தி வாழ்கின்றான். நல்ல கால்களுடைய அயலவர் வணிகம், விருந்து, குதிரை என்று ஓடிக் கடனாளிகளாகிச் சிறைக்குச் செல்கின்றனர். நோர்த்ரொப் பிறை என்னும் திறனாய்வாளர் கனேடிய நகையின் உண்மைத் தந்தை மக்கலொக்கே என்று மதித்தார். பிறப்பால் வேற்று நாட்டவர் தந்தையாகின்றார். மண்ணின் மைந்தர் அந்நிய நோக்கினராகின்றார். ஆகவே பிறந்த இடத்தை வைத்து இரு நகையையும் பிரிக்கப் புகுதல் இங்கேயே தவறிவிடுகின்றது. மக்கலொக்கின் உழவன் ஊருக்குள் ஒருவன். அவன் நகைப்பது தன் அயலவரை. அவன் கடிதங்களைப் படிப்பதும் அதே அயலவர். வேறுபாடு இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேறுபாடு ஏட்டை விட்டுத் தெருவுக்கு வந்தது. முதலாம் உலகப் போருக்கு முன்னைய ஆண்டுகளிற் கனடாவை நாடி வந்தோர் தொகை முன்னொருபோதும் இல்லாத அளவிற்கு உயர்ந்தது. 1913இல் மாத்திரம் நான்கு இலட்சம் பேர் வந்திறங்கினர். அவர்களுட் பெரும் பகுதியினர் பிரித்தானியர். தொழிலுக்கு ஆள் தேடிய அறிவித்தல்கள் சிலவற்றில் ஆங்கிலேயர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்ற வாசகம் காணப்பட்டது அக்காலத்திலேதான். வந்தவன் யாவற்றையும் தன் ஊரோடு ஒப்பிட்டுக் குறை கூறுகின்றான் என்பது கனேடியர் முறைப்பாடு. அம்முறைப்பாட்டில் உண்மையும் இருந்தது. ஆயினும் துன்பத்தைக் குறைத்துக் கூறி, முகம் மாறாமற் கேலி பேசுதல் ஆங்கிலத் தொழிலாளரின் பழைய வழக்கம். பனி இடுப்பளவு கிடக்கும்போது சற்றே குளிர்கிறது என்பான். கூலி கைக்கு வராதபோது செல்வம் கண்ணை உறுத்துகிறது என்பான். தன் ஊரிலே தோழமையின் அடையாளமாகிய அப்பேச்சு, புதிய ஊரிற் செருக்காகவும் முறுமுறுப்பாகவும் செவிப்பட்டது. நகையை விளங்காமையால் ஒருவன் நாட்கூலியை இழத்தலும் கூடும் என்பதை இலக்கிய ஆராய்ச்சியாளர் மறந்துவிடுகின்றனர்.

மேற்கே அல்பேட்டா மாகாணத்தில் வேறொரு வகை ஆங்கிலேயர் நகைப்பொருளாயினர். வீட்டுக்கு உதவாத பிள்ளைகளைச் செல்வக் குடும்பத்தினர் கடல் கடந்து அனுப்பி, திரும்பி வாராதிருக்கும் பொருட்டுப் பணம் அனுப்பி வந்தனர். எடின்பரோவிற் பிறந்த பொப் எட்வேட்ஸ் 1902இல் தொடங்கிய பத்திரிகையில் இத்தகைய ஒருவன் தந்தைக்கு எழுதுவனபோற் கடிதங்களைப் புனைந்தார். வாயில் எளிதில் நுழையாத இரட்டைப் பெயருடைய அவ்விளைஞன் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பொய்யைச் சொல்லிப் பணம் கேட்கின்றான். இங்கே குடியேறிய ஒருவர் குடியேறிய மற்றொருவரை எள்ளுகின்றார். எனினும் கல்கரி நகரத்தார் அதனைத் தம் நகையாகவே கொண்டனர். காரணம், எள்ளப்படுவது மனிதனன்று. பிறப்பால் வரும் பெருமை என்னும் எண்ணம். அவ்வெண்ணத்தை அங்கீகரிக்க அப்புல்வெளியில் எவரும் இல்லை.

இவ்விரு நகைக்கும் இடையிலே வாழ்ந்தவர் ஸ்ரீபன் லீக்கொக். 1869இல் இங்கிலாந்தின் ஹம்ஷயர் பகுதியிற் பிறந்து, 1876இல் ஆறு வயதுச் சிறுவனாய் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்குத் தெற்கே ஒரு பண்ணைக்கு வந்து சேர்ந்தவர். தந்தையார் உழவில் தோற்றவர். பின்னர் குடும்பத்தையும் விட்டுச் சென்றார். மகன் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பேராசிரியரானார். நகைக்கட்டுரையாளர் பொருளியல் கற்பித்தது பொருத்தமே என்று எவரும் கேலி செய்யுமுன் அவரே செய்துகொண்டார்.

அவருடைய தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்றில் ஓர் இளைஞன் வங்கியிற் கணக்குத் திறக்கச் செல்கின்றான். கையிலிருப்பது ஐம்பத்தாறு தொலர். மானேசர் அவனைப் பெரும் முதலாளியென்றோ துப்பறிவாளனென்றோ எண்ணித் தனியறைக்கு அழைத்துக் கதவைப் பூட்டுகின்றார். அச்சத்தால் நிலைகுலைந்த இளைஞன் ஆறு தொலர் எடுக்க எண்ணி முழுவதையும் எடுத்துவிடுகின்றான். இங்கு எள்ளப்படுபவன் கதை சொல்பவனே. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை இது. பேதைமையும் உடன் கலந்தது. மூடி அம்மையார் வாயிலின் உள்ளே நின்றார். லீக்கொக்கின் இளைஞன் வாயிலுக்கு வெளியே நடுங்கி நிற்கின்றான்.

1912இல் வெளிவந்த மறிப்போசா ஊர்க்கதைகளில் இந்நகை முதிர்ச்சி அடைகின்றது. ஊரார் உல்லாசப் பயணம் போன நீராவிப் படகு ஏரியில் மூழ்குகின்றது. ஆனால் நீர் ஆழமற்றது. படகு சேற்றில் அமர்ந்துவிடுகின்றது. காப்பாற்ற விரைந்து வந்த மீட்புப் படகோ பக்கத்தில் வந்ததும் தானே மூழ்க, மூழ்கிய படகில் இருப்போர் மீட்க வந்தோரை மேலே தூக்கி மீட்கின்றனர். ஆங்கில நகைஞர் ஒருவர் கையில் இது மூடர் ஊரின் கதையாகி முடிந்திருக்கும். லீக்கொக்கோ அவ்வூரானாகவே பேசுகின்றார். இந்நிகழ்ச்சியின் பெருமையை அயலான் குறைத்து மதிப்பிடுவானோ என்று அஞ்சுபவர்போலப் பேசுகின்றார். நகை அவர் குரலின் அக்கறையிலே பிறக்கின்றது. கிரேக்கக் கவிதையை நாள்தோறும் கையில் வைத்திருந்து கோயிற் கடனைக் கணக்கிடத் தெரியாது தவிக்கும் டீன் டுரோன் பாதிரியாரின் பகுதியிலோ நகையும் இரக்கமும் பிரிக்க முடியாதன. நூல் முழுவதும் இவ்வுயரத்தில் நிற்கின்றதெனல் மிகையாகும்; தேர்தலைக் கூறும் பகுதியில் நகை இயந்திரம்போல ஓடுகின்றது.

தம் சிறிய தந்தையாரைப் பற்றி லீக்கொக் பிற்காலத்தில் எழுதிய கட்டுரை இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. இங்கிலாந்திலிருந்து வந்து மனிற்றோபாவில் நிலவிலை ஏறிய காலத்திற் பெரிய மனிதராக விளங்கியவர் அவர். திறக்கப்படாத வங்கிக்கு அவர் தலைவர். தண்டவாளமே இடப்படாத வட துருவக் கடல் இருப்புப்பாதைக்குச் செயலாளர். அப்பதவியின் பேரால் மற்றைய இருப்புப்பாதைகளில் இலவசமாகப் பயணஞ் செய்தார். பணமின்றிக் கடனிலே வாழ்ந்து, பெருங்குடிப் பிறப்பை யாவர்க்கும் பறைசாற்றிய இவரே எட்வேட்சின் கையில் வெறும் எள்ளற்பொருளாய் நின்றிருப்பார். லீக்கொக்கின் கட்டுரையில் அவரை விட்டுப் பிரிய மனம் வருவதில்லை. குடியேறியவனின் வீண்பெருமையைக் கனேடியன் கண்ணாற் காணவும், குடியேறியவனின் பிள்ளையாய் அதனை மன்னிக்கவும் கூடிய ஒருவராலேயே அவ்வாறு எழுத முடியும்.

1921இல் லீக்கொக் சொற்பொழிவாற்ற இங்கிலாந்து சென்று, மறு ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் சில வாரம் அமெரிக்கக் கண்டத்திற் சுற்றிவிட்டு அதைக் கண்டறிந்ததாக நூல் எழுதும் வழக்கத்தைத் திருப்பி, இவர் இங்கிலாந்தைக் கண்டறிந்தார். ஒக்ஸ்போட்டில் ஆசிரியர் புகைபிடித்துப் புகைபிடித்தே மாணவரை அறிஞராக்குகின்றார் என்பது அவர் கண்டறிந்தவற்றுள் ஒன்று. ஆங்கிலேயர்க்கு நகைச்சுவை உண்டோ என்ற வினாவுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கி, உண்டென்றே விடை கண்டார். அந்நூலை ஆங்கிலேயர் மகிழ்ந்து வாங்கினர்.

லீக்கொக் 1944இல் மறைந்தபின், 1947 முதல் அவர் பெயரால் நகைநூலுக்குப் பதக்கம் வழங்கப்பட்டு வருகின்றது. 1955இல் அதனைப் பெற்றவர் றொபேட்சன் டேவிஸ். வேல்ஸ் நாட்டிலிருந்து சிறுவனாய்க் குடியேறிய ஒருவரின் மகன். பரிசு பெற்ற அப்புதினத்தில், சோல்ற்றேட்டன் என்னும் ஊர்ப் பத்திரிகையில் இருவருக்கு மணம் நிச்சயிக்கப்பட்டதாகப் பொய் அறிவித்தல் ஒன்று வெளிவருகின்றது. மணநாள் நவம்பர் 31. ஊரிற் பழம்பகைகள் மூள, வழக்கறிஞர் வாசலை நாடுகின்றனர். ஈற்றிலே அவ்வறிவித்தலைக் கொடுத்தவன் பழைய நாட்டிலிருந்து அண்மையில் வந்த ஓர் உச்சரிப்பு ஆசிரியன் என்பது வெளியாகின்றது. ஊரார் தன்னை மதியாது ஒதுக்கியமைக்கு அவன் செய்த பழி அது. அவனுக்கு அது விளையாட்டு. ஊருக்கு அது நஞ்சு. டேவிஸ் அவனை மன்னிக்கவில்லை. ஆயினும் அவன் முதன்முதல் அவ்வூர்க் கதவுகளைத் தட்டியபோது அவை எவ்வாறு மூடப்பட்டன என்பதையும் அவர் எழுதாமல் விடவில்லை.