ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

கோபாலபுரத்தில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பெண் 'டிஜிட்டல் மீடியாவும் உலகக் கலாசாரங்களும்' என்று எம்.ஏ. படிக்க வெளிநாடு போகிறாள். "இதப் படிச்சா என்னடி வேலை கிடைக்கும்?" என்றார் பாட்டி. நியாயமான கேள்வி. என் கேள்வி வேறு.

சிலபஸை வாங்கிப் பார்த்தேன். உலகம் ஒரு கிராமமாகிவருகிறது என்று 1962-லேயே எழுதிய மார்ஷல் மெக்லுஹன் இருந்தார். புது ஊடகத்தின் மொழி பற்றி 2001-ல் லெவ் மானோவிச் எழுதிய புத்தகம் இருந்தது. இரண்டும் படிக்க வேண்டியவைதான். 'கலாசாரங்கள்' என்ற பன்மைதான் இடித்தது. உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலீஷ் பேசின.

"தமிழ் எங்கேம்மா?"

"அது ரீஜனல், அங்கிள்!"

ரீஜனலா? நீங்களே சொல்லுங்கள். 1985-ல் 'முரசு' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியாக்காரர். 1995-ல் தமிழை இணையத்தில் ஏற்றிய நா.கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர். 1998 பொங்கலன்று துவங்கிய மின்நூல் திட்டத்துக்குப் பெயர்தான் மதுரை; முன்னின்று நடத்திய கு.கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில், தொழில் வேதியியல். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களை டைப் அடித்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் ஒரு பொது விசைப்பலகைக்கு வழி பிறந்தது. அப்போது முதல்வராக இருந்த கருணாநிதியின் வீடு இதே கோபாலபுரம். அவர் ஆட்சியில் 2001-ல் துவங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகக் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. ஆட்டோ தூரம்.

இதைத் தமிழ்ப்பற்றில் சொல்லவில்லை. ஒரு தியரி சரியா என்று பார்க்க, அது இடறுகிற இடம் வேண்டும். மெக்லுஹனின் கிராமத்தில் ஃபாண்ட் பிரச்னை கிடையாது. நம் கிராமத்தில் 90-களில் ஆளுக்கொரு ஃபாண்ட். ஈழத்தமிழர்கள் பரவலாகப் பயன்படுத்தியது பாமினி. அது இல்லாத கம்ப்யூட்டரில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன் என்றுதான் தெரியும். ஊரை விட்டுப் போனவர்கள் எழுதிய கடிதமும் கவிதையும் இரங்கல் குறிப்பும் இந்த மாதிரிக் கிறுக்கலுக்குள் கிடக்கின்றன. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-ல். நடுவில் எழுதப்பட்டவற்றுக்கு யார் பொறுப்பு?

மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் எந்த ஃபைல் எந்த ஃபாண்டில் அடித்தது, யார் அடித்தது, ஏன் என்று சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிறது. கோவிந்தசாமி 1999-லேயே காலமாகிவிட்டார். ஓலைச்சுவடி கரையான் அரித்துப் போக நூறு, இருநூறு வருஷமாவது எடுத்துக்கொண்டது. ஃப்ளாப்பிக்கு இருபதே போதும்.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, "தீசிஸுக்கு யோசிச்சுப் பாரு" என்றேன். பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க பெரியப்பா கனடாலேர்ந்து அப்பாவுக்கு மெயில் எழுதுவார் அங்கிள். பிரின்ட் எடுத்து வெச்சிருக்கோம், முழுக்கக் கட்டம் கட்டமா இருக்கும். யாருக்கும் படிக்கத் தெரியலை" என்றாள்.

பாட்டி மெதுவாக, "அதைப் படிச்சுச் சொல்ல முடியுமாடி?" என்றார். வேலை கிடைக்குமா என்று அப்புறம் கேட்கவில்லை.