பழைய ஆங்கிலப் படங்களில் நம் தோட்டம்: 'தி பிளான்டர்ஸ் வைஃப்' பற்றி



பழைய பிரிட்டிஷ் படங்களை வீட்டில் ஆற அமர உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. துப்பறியும் கதை, போர்க்கப்பல், லண்டன் மூடுபனி என்று போகும் அந்தப் படங்களுக்குள் நம் மண்ணைக் கதைக்களமாகக் கொண்டவையும் சில இருக்கின்றன. பேராக்கில் பிறந்து வளர்ந்த ஒருவர் அவற்றைப் பார்க்கும்போது வெறும் பொழுதுபோக்காக மட்டும் பார்க்க முடியாது. ரப்பர் மரம் வந்ததுமே கண் வேறு எதையோ தேட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட ஒரு படத்தைப் பற்றியும், அதை மாணவர்களோடும் வீட்டுப் பெரியவர்களோடும் எப்படிப் பேசலாம் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

படத்தின் பெயர் 'தி பிளான்டர்ஸ் வைஃப்'. நம் தோட்டத்து வழக்கில் சொன்னால் 'துரைசாணி'. 1952இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கியவர் கென் அனாகின். தோட்டத் துரை ஜிம் ஃப்ரேசராக ஜாக் ஹாக்கின்ஸ், அவர் மனைவி லிஸ்ஸாக அப்போது ஹாலிவுட்டில் புகழ்பெற்றிருந்த கிளாடெட் கோல்பர்ட். அமெரிக்காவில் இதே படம் 'அவுட்போஸ்ட் இன் மலாயா' என்ற பெயரில் ஓடியது.

கதை எளிமையானது. அவசரகாலம். துரைக்குத் தோட்டம்தான் உயிர். பங்களாவைச் சுற்றி முள்வேலி, இரவில் தேடுவிளக்கு, எந்நேரமும் பக்கத்தில் துப்பாக்கி. கணவனுக்குத் தன்னிடம் பேசக்கூட நேரமில்லை என்று மனைவிக்கு ஏக்கம். மகனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விடலாம், திரும்ப வர வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள். அதற்குள் கெரில்லாக்கள் பங்களாவைத் தாக்குகிறார்கள். துரைசாணியும் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறாள். ஆபத்து இருவரையும் மறுபடி சேர்த்து வைக்கிறது.

முதலில் படத்துக்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். விறுவிறுப்பாக எடுத்திருக்கிறார்கள். அதிகம் பேசாத, பிடிவாதக்காரத் துரையாக ஹாக்கின்ஸ் அப்படியே பொருந்துகிறார். முற்றுகைக் காட்சியில் இருட்டும் காத்திருப்புமே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. அந்தப் பயமும் பொய்யில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் நம் சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1951 அக்டோபரில் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியே ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு படம் வெளிவந்தபோது இந்தப் போராட்டம் எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இந்தப் படம் நடந்து முடிந்த வரலாற்றைச் சொல்லவில்லை. நடந்துகொண்டிருந்த ஒன்றில் ஒரு பக்கம் நின்று பேசுகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டத் துரைமார்களுக்கே படத்தைச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தோட்டம் என்றால் துரையும் துரைசாணியும் மட்டுந்தானா? விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய் நின்று, பால் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் எங்கே? வருகிறார்கள். ஆனால் மரங்களைப் போலவே பின்னணியாக வருகிறார்கள். பெயருள்ள இந்தியர் என்று நினைவில் நிற்பவர் நாயர். பெங்களூரில் பிறந்த நடனக் கலைஞர் ராம் கோபால் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். தோட்டத்துக் கிராணி வேலையில் மலையாளிகள் நிறைய இருந்த காலம் அது, அதனால் பெயர் பொருத்தம்தான். ஆனால் மரம் வெட்டுகிறவர்களில் ஒருவருக்காவது ஒரு வீடு, ஒரு குடும்பம், போகலாமா இருக்கலாமா என்று ஒரு குழப்பம் இருப்பதாகப் படம் காட்டுவதில்லை. படத்தில் ஒரு கீரிக்கும் நாகத்துக்கும் சண்டை வருகிறது. அந்தக் கீரியின் தைரியத்தைக் கவனித்த அளவுக்குக்கூட லயத்து மனிதர்களின் தைரியத்தைக் கேமரா கவனிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

இங்கிலாந்துக்குப் போய்விடலாம் என்று லிஸ்ஸால் முடிவெடுக்க முடிகிறது. அந்த வழி இருப்பதால்தான் கதையே நகர்கிறது. லயத்தில் இருந்தவர்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. இரவில் காட்டிலிருந்து வருகிறவன் அரிசி கேட்பான், பணம் கேட்பான். கொடுத்தால் பகலில் போலீஸ் பிடிக்கும், கொடுக்காவிட்டால் இரவில் கழுத்துக்கு ஆபத்து. 1950க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் சீனக் குடியேற்றவாசிகளைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றியது நமக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களையும் ஒரே இடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். அதாவது முள்வேலி பங்களாவுக்கு மட்டும் இருந்ததில்லை. பங்களா வேலி ஆபத்து உள்ளே வராமல் தடுக்க. லயத்து வேலி அதற்கும் சேர்த்து, உள்ளே இருப்பவனின் சோறு வெளியே போகாமல் தடுக்கவும்தான். இந்த இரண்டாவது வேலியின் கதையைப் படம் தொடவே இல்லை.

இதை எங்கள் வீட்டில் பாட்டியோடு பார்த்தேன். ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். ஆங்கில வசனம் புரியாது. ஆனாலும் நான் கவனிக்காததை அவர் கவனித்தார். "பங்களாவுல எவ்வளவு லைட்டு பாரு. நாங்கல்லாம் அப்ப மண்ணெண்ண வெளக்குதான். இருட்டினா வெளிய போகக் கூடாது" என்றார். தேடுவிளக்கைப் பயத்தின் அடையாளமாக இயக்குநர் வைத்திருக்கிறார். பாட்டிக்கு அது வசதியின் அடையாளம். ஒரே விளக்குக்கு இரண்டு அர்த்தம். விமர்சனம் என்றால் என்ன என்று மாணவனுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

"அப்படியே நம்ம தோட்டம் மாதிரியே இருக்கு" என்றும் பாட்டி சொன்னார். இங்கேதான் ஒரு வேடிக்கை. அவசரகாலத்தின் நடுவே மலாயாத் தோட்டங்களில் நட்சத்திரங்களை வைத்துப் படம் எடுப்பது ஆபத்து. அதனால் பெரும்பகுதியை இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவிலும் இலங்கையிலுமாக எடுத்தார்கள். நாம் பேராக் என்று நினைத்துப் பார்க்கும் மரங்கள் இலங்கை மரங்களாக இருக்கக்கூடும். ஆனால் பாட்டி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. மேட்டில் பங்களா, கீழே லயம், நேர்க்கோட்டில் மரங்கள் என்ற அமைப்பை ஆங்கிலேயர் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போட்டார்கள். இரண்டு இடத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்துதான் ஆள் கூட்டி வந்தார்கள். ஒரு நாட்டுத் தோட்டம் இன்னொரு நாட்டுத் தோட்டமாக நடிக்க முடிந்ததற்குக் காரணமே அதுதான்.

இலங்கை இன்னொரு படத்திலும் இதே வேலையைச் செய்தது. 1957இல் வந்த டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் சயாம் காடாகத் தெரிவது இலங்கையின் கித்துல்கல பகுதி. ஏழு ஆஸ்கார் வாங்கிய படம். மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத் தமிழர்களைக் கண்ணால் பார்த்தவர். ஆனாலும் படத்தைப் பார்த்தால், அந்த ரயில் பாதையைப் போட்டவர்கள் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் மட்டுமே என்றுதான் தோன்றும். உண்மை என்ன? 415 கிலோமீட்டர் பாதை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களில் பலருக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. படம் அருமையான படம், அலெக் கின்னஸ் நடிப்புக்காகவே இரண்டு முறை பார்க்கலாம். ஆனால் அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது, நம் இழப்பு போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு படம். பிரிட்டிஷ் இயக்குநர் லூயிஸ் கில்பர்ட்டின் 'தி செவன்த் டான்', 1964. இது வண்ணப் படம், மலேசியாவிலேயே எடுத்தது. இதில் தனா என்ற ஆசிரியைக்கு அவசரகாலச் சட்டப்படி ஆயுதக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கிறார்கள். பிரெஞ்சு நடிகை கபுசின் நடித்திருக்கிறார். பார்ப்பவர் மனம் கலங்கும். சரி, ஆனால் நிஜத்தில்? அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கற்பனைப் பாத்திரத்துக்குக் கண்ணீர் விடும் நம் மாணவர்களில் எத்தனை பேருக்குக் கணபதியின் பெயர் தெரியும்?

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படின்னா இந்தப் படங்களைப் பார்க்கவே வேண்டாமா?' என்று கேட்கலாம். கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பதில் தமிழில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கேள்வியைப் பார்க்காதவனுக்குப் பதிலின் அருமை தெரியாது. சயாம் ரயில் பாதையைப் பற்றி ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இருக்கின்றன. அவசரகாலத்துக்கு ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' இருக்கிறது. லீனின் படத்தைப் பார்த்த அதே வாரத்தில் 'சயாம் மரண ரயில்' படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே காட்டைத்தான் சொல்கின்றன. ஒன்றில் ராணுவ மானம் பெரிது, மற்றதில் உயிரோடு வீடு திரும்புவது பெரிது.

நம் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். நம் தோட்ட நாவல்களில் துரை பெரும்பாலும் தொப்பியும் பிரம்புமாக வந்து போகிறவர். பங்களாவுக்குள் ஒரு பெண் தனிமையில் இருந்தாள், இரவில் பயந்தாள் என்பதை நாம் அதிகம் எழுதவில்லை. 'தி பிளான்டர்ஸ் வைஃப்' லயத்துக்குள் நுழையவில்லை, நாம் பங்களாவுக்குள் நுழையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு முழுத் தோட்டம் கிடைக்கும்.

மொழி ஆசிரியர்களுக்கு இந்தப் படங்களில் இன்னொரு லாபம் சொற்கள். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த சண்டையை ஏன் 'போர்' என்று சொல்லாமல் 'அவசரகாலம்' என்றார்கள்? போர் என்றால் லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் தோட்டங்களுக்கு நஷ்டஈடு தராது என்பதால் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கெரில்லாக்களை அரசாங்கம் முதலில் 'கொள்ளைக்காரர்' என்றது, 1952இல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்று மாற்றியது. நம் வீட்டுப் பெரியவர்கள் சாதாரணமாக 'கம்யூனிஸ்ட் காலம்' என்பார்கள். யார் எந்தச் சொல்லைப் போடுகிறார், ஏன்? படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு நல்ல விவாதத் தலைப்பு.

நடைமுறையில் எப்படிச் செய்வது? 'தி பிளான்டர்ஸ் வைஃப்' சுமார் ஒன்றரை மணி நேரம், குவாய் படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். பாடவேளைக்குள் அடங்காது. வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் தாத்தா பாட்டியோடு. வீட்டில் என்றால் நடுவில் நிறுத்தலாம், பேசலாம், பெரியவர் "அது அப்படியில்ல" என்று குறுக்கே சொன்னால் கேட்கலாம். தியேட்டரில் இந்த வசதி கிடையாது. மாணவர் மூன்றே கேள்விக்குப் பதில் எழுதி வரட்டும்: படத்தில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை? எந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் மறுத்துப் பேசினார், என்ன சொன்னார்? அந்தக் காட்சியை லயத்திலிருந்து பார்த்தால் எப்படி எழுதுவீர்கள்? மூன்றாவது கேள்வியே ஒரு கற்பனைக் கட்டுரை ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போட முடியாது. 1948இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பிலிம் சுருள் பத்திரமாக இருக்கிறது, மெருகேற்றி வெளியிடுகிறார்கள். "அது அப்படியில்ல" என்று சொல்லக்கூடிய குரல்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. இந்தப் பள்ளி விடுமுறைக்கே இதை வீட்டுவேலையாகக் கொடுங்கள். மாணவர்கள் கொண்டுவரும் பதில்களை நாமும் சேர்த்து வைப்போம்.