'புதிய பறவை'யை இரண்டாம் முறை பார்ப்பவருக்கு

தாதா மிராசியின் இயக்கத்தில் சிவாஜி பிலிம்ஸ் 1964இல் வெளியிட்ட 'புதிய பறவை', மணவாழ்வில் நேர்ந்த துரோகத்தையும் அதன் விளைவையும் காதற்கதையின் போர்வைக்குள் வைத்துச் சொல்லும் மர்மப் படமாகும். முடிவு தெரிந்துவிட்டால் மர்மப் படத்தில் சுவையில்லை என்பார்கள். இப்படமோ முடிவை அறிந்தவருக்கே முழுமையாகப் பிடிபடுவது என்பதால், இங்கு அது மறைக்கப்படவில்லை.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் செல்வந்தன் கோபால் (சிவாஜி கணேசன்), உடன் பயணிக்கும் லதாவை (சரோஜாதேவி) விரும்புகிறான். தன் முதல் மனைவி சித்ரா (சௌகார் ஜானகி) குடித்தும் இரவு விருந்துகளில் திரிந்தும் குடும்ப மானத்தைக் குலைத்து, இறுதியில் ரயிலில் அடிபட்டு மாண்டாள் என்று லதாவிடம் சொல்கிறான். நிச்சயதார்த்த நாளில் அந்தச் 'சித்ரா' உயிரோடு வந்து நிற்கிறாள். அவள் போலி என நிறுவ வழியின்றித் தவிக்கும் கோபால், தான் ஆத்திரத்தில் அறைந்ததில் மனைவி இறந்ததையும் உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியதையும் தன் வாயாலேயே கக்கிவிட, லதா துப்பறிய வந்தவள் என்பது வெளிப்படுகிறது.

இக்கதை 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தின் வழியில் 1963இல் எடுக்கப்பட்ட 'சேஷ் அங்க' என்னும் வங்காளப் படத்தின் தழுவலாகும். ஆங்கிலத்தில் இறந்து மீண்டதாக வருபவன் கதாநாயகியின் சகோதரன்; வங்காளத்தில் அவ்விடத்தில் மனைவி வந்த பிறகே திருமணமும் துரோகமும் கதைக்குள் நுழைந்தன.

இரண்டாம் முறை பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சித்ராவின் துரோகத்துக்குச் சாட்சி யார் என்பதே. பின்னோக்குக் காட்சி, அதாவது கடந்ததை நடப்பதுபோலக் காட்டும் உத்தி, கண்ணால் கண்டது மெய் என்ற மயக்கத்தை எளிதில் உண்டாக்குகிறது. ஆனால் திரையில் விரிவது கோபாலின் வாக்குமூலமே. தன் நலனுக்கேற்பக் கதையைத் திருத்திச் சொல்பவனை விமர்சகர்கள் நம்பகமற்ற கதைசொல்லி என்பர். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) ஒரே கொலையைப் பலர் வாயிலாகச் சொல்லி ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றால் சோதிக்க இடம் தந்தது. இங்கோ செத்தவளுக்காகப் பேச எவருமில்லை, வந்தவளும் வேறொருத்தி. இருவராகவும் சௌகார் ஜானகியே நடித்திருப்பதால், முகத்தைக் கொண்டு பார்வையாளர் எதையும் தீர்மானிக்கவும் முடியாது.

சித்ராவின் இந்தத் தனிமையை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள நிந்தவூர் போன்ற ஊர்களின் வாசகர் விரைவிலேயே கண்டுகொள்வர். இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும், தாய்வழியாகக் 'குடி' என்னும் மரபுக்குழு தொடர்வதும் நெடுங்கால வழக்கங்கள். கணவன் மனைவியிடையே சச்சரவு மூண்டால் உம்மாவும் (தாயும்) சாச்சியும் (சிற்றன்னையும்) கூப்பிடு தூரத்தில் இருப்பர். கோபாலின் மாளிகையில் சித்ராவுக்கு அப்படி ஒருவருமில்லை. அவள் நடத்தையைப் படம் கடுமையாகத் தீர்ப்பிடுகிறது. அவளை அறைந்த கையின்மீது அது காட்டும் இரக்கம் சற்று அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது லதாவின் கண்கள். ரயில் கடந்து செல்கையில் சிவாஜியின் முகம் வெளிறி, உடல் விறைத்து, ஓசை அடங்கிய பின்னும் நடுக்கம் ஓயாதிருப்பதை முதன்முறை காண்பவர் அவரை மட்டுமே பார்ப்பர். மறுமுறை பார்வை சரோஜாதேவிக்கு மாறும்போது, காதலியின் பரிவாகத் தோன்றிய கேள்வி விசாரணையாகவும் ஒலிக்கத் தொடங்குகிறது. துரோகத்தைத் தண்டித்தவன் நம்பிக்கைத் துரோகத்தாலேயே பிடிபடுகிறான். பிடித்தவளோ அவனை மெய்யாகவே நேசித்துவிடுகிறாள்.

விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடிய பாடலொன்று களிப்பாக ஒருமுறையும் சோகமாக மறுமுறையும் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், மெட்டு மாறாமலே கோபாலுக்கு அது மயக்கமாகவும் மிரட்டலாகவும் ஆகும் விதத்தை உணரலாம். நாகேஷ் – மனோரமா நகைச்சுவையை மறுமுறை தாண்டிச் செல்வதால் பெரிய இழப்பில்லை. லதாவின் தந்தையாக வரும் வி. கே. ராமசாமியின் பேச்சை மட்டும் தாண்டலாகாது, ஏனெனில் அவரும் உண்மையான தந்தையல்லர்.