மகளிர் சிறுகதைப் போட்டி: பரிசும் முடிவும்

சிறுகதைப் போட்டி தமிழ் இதழ்களின் நெடுநாளைய வழக்கங்களுள் ஒன்று. அவற்றுள் மகளிர்க்கென்றே நடத்தப்பெறும் போட்டி ஒரு தனிவகை. அதனை வரவேற்போரும் உளர். எழுத்தில் ஆண், பெண் என்னும் பிரிவு எதற்கு என வினவுவோரும் உளர். இரு சாராரும் தம்முள் வாதிடும்பொழுது ஒன்றை மறந்துவிடுகின்றனர். போட்டிக்கென்று ஒரு பெண் எழுத அமரும்பொழுது அவள் கதைக்குள் என்ன நிகழ்கிறது என்பதே அது.

போட்டிகளால் நன்மை விளையவில்லை என்று கூறவியலாது. ராஜம் கிருஷ்ணன் 1950இல் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் நடத்திய உலகச் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றார். 1953இல் அவருடைய ‘பெண் குரல்’ கலைமகளின் நாராயணசாமி ஐயர் நாவல் பரிசைப் பெற்றது. ஆர். சூடாமணியின் ‘காவேரி’ என்னும் கதை 1957இல் கலைமகள் வெள்ளி விழாப் பரிசைப் பெற்றது. இவை மகளிர்க்கென ஒதுக்கப்பட்ட பரிசுகள் அல்ல. எல்லாரோடும் எழுதிப் பெற்றவை. அவ்வாறாயின் தனிப்போட்டி எதற்கு?

விடை கதையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ‘கதை எழுதுகிறேன்’ என்று ஒரு பெண் மாலையில் கதவைச் சாத்திக்கொண்டால், அது வேலையற்ற வேலையாகக் கருதப்படும். ‘போட்டிக்கு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை கடைசி நாள்’ என்றால் அதே வீடு ஒருவாறு விட்டுக்கொடுக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகையில் சிறு பங்கு அவளுக்கும் கிடைக்கிறது. பரிசுத் தொகையினும் பெரிய பயன் அந்தக் கடைசி நாள்தான் என்பது என் எண்ணம்.

இனிக் குறையைக் கூறவேண்டும். பிறர் கதையைக் குறை கூறுவதினும் என் கதையையே எடுத்துக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் மகளிர் சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு நான் ஒரு கதை அனுப்பினேன். நாயகி அலுவலக எழுத்தர். பதவி உயர்வோடு வேற்றூர் மாற்றலும் வருகிறது. வீட்டில் படுக்கையிலிருக்கும் மாமியார். முதலில் நான் எழுதிய முடிவில் அவள் மாமியாரின் கைகளைப் பிடித்து விடைபெற்று ரயிலேறுகிறாள். மகன் முதன்முறையாகத் தாய்க்குக் கஞ்சி காய்ச்சுகிறான். அஞ்சலில் சேர்ப்பதற்கு முதல்நாள் இரவு அந்த முடிவை மாற்றினேன். அவள் பதவி உயர்வை மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு வீடு திரும்புகிறாள். கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. குடும்பப் பண்பைப் போற்றும் முடிவு என்று பாராட்டும் கிடைத்தது.

முடிவை மாற்றும்படி எவரும் கூறவில்லை. நடுவர்கள் யார் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. ஆயினும் மெய்யான நடுவர் கதையைப் படிப்பதற்கு முன்பே கற்பனை நடுவர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்துவிட்டார். அவருக்கு எது பிடிக்கும் என நானே முடிவு செய்து, அவருக்காக என் நாயகியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டேன்.

அந்த இரண்டாம் முடிவு கலையளவில் ஏன் தோற்றது என்பது பின்னரே விளங்கியது. தியாகம் செய்யும் பெண்ணைப் பற்றி எழுதுவது குற்றமன்று; அத்தகைய பெண்கள் நம் வீடுகளில் உள்ளனர். ஆனால் தியாகத்தின் விலையை என் கதை சொல்லவில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் பதவி உயர்வை மறுப்பவருக்கு ஓராண்டுவரை மறுபடி அந்த வாய்ப்பு வராது. இதற்கிடையில் பின்னால் இருப்பவர் முன்னால் போய்விடுவார். இதனை நன்கறிந்த நானே அந்த ஓராண்டைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். விலை தெரியாத தியாகம் வாசகரை நெகிழச் செய்யலாம், சிந்திக்கச் செய்யாது.

நிலைத்து நின்ற எழுத்தாளர்களை நோக்கினால், அவர்கள் பரிசோடு நின்றுவிடவில்லை என்பது புலனாகும். ராஜம் கிருஷ்ணன் நீலகிரியின் படகர் வாழ்வைக் ‘குறிஞ்சித்தேன்’ நாவலில் எழுதினார். தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று ‘கரிப்பு மணிகள்’ படைத்தார். பெண் எழுத்தின் எல்லை இவ்வளவுதான் என்று கோடு கிழித்திருந்த நடுவரை அவர் உப்பளத்து வெயிலில் விட்டுவிட்டு வந்தார் எனலாம். அம்பையின் ‘அந்திமாலை’யும் கலைமகள் பரிசு பெற்றதே. அவர் அவ்வகை எழுத்தைக் கடந்து ‘சிறகுகள் முறியும்’ தொகுதிக்கு வந்து சேர்ந்ததே தமிழுக்குக் கிடைத்த பேறு.

குடும்பக் கதையை விட்டு வெளியேறினால்தான் இலக்கியம் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ அடுப்பங்கரையில்தான் நிகழ்கிறது. ஆனால் அந்த அறையின் இருளும் சன்னலும் ஒரு குடும்பத்தின் அதிகாரத்தையே காட்டிவிடுகின்றன. மேலும், பெயரைக் கொண்டு எழுத்தின் இயல்பைக் கணிப்பதும் பிழை. ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதா என்பதையே புனைபெயராகக் கொண்டு எழுதினார். அப்பெயரால் அவருடைய கதைகள் பெண் எழுத்து ஆகிவிடவில்லை.

ஆகவே போட்டி நடத்துவோர்க்கு இரு விண்ணப்பங்கள். அறிவிப்பில் ‘குடும்பப் பாங்கான கதைகள் வரவேற்கப்படும்’ என்னும் தொடரை நீக்கிவிடுங்கள். கற்பனை நடுவர் பிறப்பது அந்தத் தொடரில்தான். முடிவுகளை வெளியிடும்பொழுது, பரிசுக் கதை எதனால் சிறந்தது, எங்கே குறைந்தது என ஒரு பக்கமேனும் எழுதுங்கள். பரிசு பெற்றவரினும் பெறாதவர்க்கு அது பயன்படும்.

எழுதும் சகோதரியர்க்கு ஒரு சொல். போட்டிக்கு எழுதுங்கள், கடைசி நாளை உங்கள் உரிமையாகப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். ஆனால் அஞ்சலில் சேர்க்கும் முதல்நாள் இரவில் முடிவை மாற்றத் தோன்றினால், யாருக்காக மாற்றுகிறோம் என ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கதைக்காக என்றால் மாற்றலாம். என் பழைய முடிவு இன்றும் ஒரு கோப்பில் இருக்கிறது. பரிசுச் சான்றிதழைக் காட்டிலும் அதைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.