வருணனையும் நிற்கும் இடமும்

மலையகத்தைப் பற்றி எழுதப் புகுவோருட் பலரிடம் ஒரு தொடர் ஆயத்தமாகவே இருக்கின்றது: 'பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற தேயிலைத் தோட்டங்கள்'. பனிப் போர்வையும் வெள்ளி அருவியும் கூடவே வந்து சேரும். அடைமொழிகளுக்குப் பஞ்சமில்லை, ஆயினும் வாசகன் மனத்திலே சித்திரம் எதுவும் எழுவதில்லை.

இக்குறைக்குக் காரணம் சொல்வறுமையன்று. எழுதுபவன் நிற்கும் இடமே. தேயிலைமலை கம்பளமாகத் தோன்றுவது, புகைவண்டிச் சாளரத்திலிருந்தோ துரையின் பங்களா முற்றத்திலிருந்தோ பார்ப்பவனுக்குத்தான். நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பவளுக்கு அது இடுப்பளவு நின்று ஈரஞ் சொட்டிப் படங்கை நனைக்கும் செடி. காலைப் பற்றும் அட்டை. நேரம் ஏற ஏறத் தலையை அழுத்தும் கூடைக் கயிறு. சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டப்படும் மலையிலே பச்சையே இராது. வெட்டுண்ட கிளைகள் குச்சி குச்சியாய் நிற்கும். கவ்வாத்து என்னும் சொல்லை அறிந்தவன் கம்பளத்தை எழுதச் சற்றுத் தயங்குவான். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. கம்பள வருணனையோ அவர்களைக் காட்சியிலிருந்தே அகற்றிவிடுகிறது.

படங்கு, கவ்வாத்து முதலியன இலக்கியத்திற்கு ஏலாத சொற்கள் என்று மரபுவாதிகள் கூறலாம். 1960களின் முற்பகுதியில் பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என ஒதுக்கியோர் இங்கு இருந்தனர். அவர்கள் போற்றிய கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்கள் பெயர் சுட்டப்படுகின்றன. சிலவற்றிற்கு ஓரிரு சிறு அடைகள் உண்டு, சிலவற்றிற்கு அதுவுமில்லை. பெயரைச் சரியாகச் சொன்னாலே மலர் கண்முன் வரும் என்ற துணிவு அப்புலவனுக்கு இருந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை 1954 இல் வெளியிட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய கவிதை, விடியலிலே அதிரும் தப்பொலியோடு தொடங்குகிறது. மலையின் அழகு பின்னர்தான். முதலில் வருவது வேலைக்கு எழுப்பும் ஓசை. தோட்டத்து வாழ்வை உள்ளிருந்து கண்டவர்க்கே வாய்க்கும் வரிசை இது. (அந்நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டமை தமிழ் எழுத்தாளருக்குச் சிறிது கூச்சம் தரவேண்டிய செய்தி.)

இதனைக் கண்டு, பிரட்டுக்களம், கங்காணி, லயம் என்று பக்கத்துக்குப் பத்துச் சொற்களைத் தூவி எழுதும் புதிய வழக்கமொன்றும் கிளம்பியிருக்கிறது. அக்கதைகளில் லயம் வருகிறது; கூரை ஒழுகுவதில்லை. பிரட்டுக்களம் வருகிறது, அங்கே நிற்பவர் எவருக்கும் குளிர்வதில்லை.