மனுவில் ‘நாங்கள்’ எதுவரை?

தன்மைப் பன்மை நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’ என்பார்கள். சரியான விடைதான். ஆனால் அந்த ‘நாங்கள்’-க்குள் இருக்கிற இருவரும் சமமாக இருக்கிறார்களா என்று இலக்கணம் கேட்பதில்லை. என் மணவிலக்கு மனுவின் வரைவைப் படித்த அன்றுதான் நானும் அதைக் கேட்டேன்.

பரஸ்பர சம்மத மனு விசித்திரமான பிரதி. அதில் எதிர்மனுதாரர் இல்லை. கணவர் 1-ஆம் மனுதாரர், மனைவி 2-ஆம் மனுதாரர். 1955-இன் இந்து திருமணச் சட்டத்தில் 13-பி பிரிவு 1976-இல்தான் சேர்ந்தது. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ இயலவில்லை, திருமணத்தை முடித்துக்கொள்ள ஒத்துக்கொண்டோம் என்ற மூன்று கூற்றுகள் போதும். 13-ஆம் பிரிவின்படி போனால் கொடுமை, கைவிடல் என்று ஏதாவதொரு குற்றத்தைச் சாட்டி நிரூபிக்க வேண்டும். படுக்கையறையைக் கூண்டில் ஏற்றாமல் ஒரு பெண் வெளியே வர முடிகிறது என்பது சிறிய விஷயமில்லை. அதனால்தான் நானும் இந்த வழியைத் தேர்ந்தேன்.

என் பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கை அந்த வரைவில் ‘கருத்து வேறுபாடு காரணமாக’ என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கியிருந்தது. அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்தே இருந்தது. யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஏழாம் பத்தி வரை எல்லா வாக்கியங்களுக்கும் ‘நாங்கள்’தான் எழுவாய். எட்டாம் பத்தியில் சத்தமில்லாமல் எழுவாய் மாறுகிறது. ‘2-ஆம் மனுதாரர் தனது நகைகள், சீர்வரிசைப் பொருட்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டார். கடந்தகால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதையும் கோரமாட்டார்.’ பிரிவது இருவர், விட்டுக்கொடுப்பது ஒருவர். குற்றம் யாருடையது என்று கேட்காத பிரதி, செலவு யாருடையது என்பதை மட்டும் எழுதிவைத்திருக்கிறது.

நான் எல்லாவற்றையும் பெற்றுக்கொள்ளவில்லை. அம்மா போட்ட 32 பவுனில் 14 என்னிடம் இருந்தது. மீதி 18 பவுன் அவர் தம்பியின் கடைக்காக அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது.

“மேடம், இது வழக்கமா போடுற ஷரத்து. இதுல கை வச்சா அவர் கையெழுத்துப் போடமாட்டார்” என்றார் வழக்கறிஞர். “போனது போகட்டும்மா, நீ வெளிய வந்தா போதும்” என்றார் அம்மா.

இருவரும் தவறாகச் சொல்லவில்லை. மனு தாக்கல் செய்தபின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து கேட்க வேண்டும் என்கிறது சட்டம். தக்க காரணம் இருந்தால் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தீர்ப்பு வரும்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும், ஒருவர் தனியாகவே பின்வாங்கலாம் என்பது அதே நீதிமன்றம் 1991-இல் சொன்னது. ஆக, அவசரமில்லாதவர் கையில்தான் சாவி. விடுதலை யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர் மற்றவரின் சம்மதத்தை விலை கொடுத்து வாங்குகிறார். அந்த விலைச்சீட்டுதான் எட்டாம் பத்தி.

சீதனம் மனைவிக்கு மட்டுமே உரிய சொத்து என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சம்மதம் வற்புறுத்தலாலோ மோசடியாலோ பெறப்படவில்லை என்று நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என 23-ஆம் பிரிவும் சொல்கிறது. என் விசாரணையிலும் கேட்டார்கள். “யாராவது வற்புறுத்தினாங்களா?” “இல்லை.” முடிந்தது. யாரும் வற்புறுத்தவில்லை என்பது உண்மைதான். என்ன விலைக்கு என்ற கேள்வி வரவேயில்லை.

எங்கள் பாட்டி இதைத் ‘தீர்த்துவிடுவது’ என்பார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கொடுத்தது, வாங்கியது எல்லாம் வாய்விட்டு எண்ணப்படுமாம். அந்தப் பஞ்சாயத்தை நான் போற்றவில்லை, அங்கேயும் பேசியவர்கள் ஆண்கள்தான். ஆனால் தீர்ப்பது என்ற சொல்லில் கணக்கும் இருந்தது. நம் மனுவோ கணக்கே பார்க்காமல் ‘பெற்றுக்கொண்டார்’ என்று எழுதிவிடுகிறது.

நான் 18 பவுனைத் திரும்பக் கேட்கவில்லை. வாக்கியத்தை மாற்றச் சொன்னேன். ‘14 பவுன் 2-ஆம் மனுதாரரிடம் உள்ளது. 1-ஆம் மனுதாரர் குடும்பத்துக்காக அடகு வைக்கப்பட்ட 18 பவுன் திரும்பவில்லை. அதை அவர் கோரவில்லை.’ அந்த மூன்று வாக்கியங்களுக்காக அவர் நான்கு மாதம் கையெழுத்துப் போடவில்லை. நகையைக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். கடைசியில் போட்டார்.

இழந்ததை இழந்தேன் என்று எழுதியதால் எனக்கு ஒரு குண்டுமணி தங்கம் திரும்பவில்லை. ஆனால் வாங்காததை வாங்கினேன் என்று நான் கையெழுத்திடவில்லை. எல்லாப் பெண்களுக்கும் நான்கு மாதம் காத்திருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் சம்பளம் இருந்தது, அம்மா வீட்டில் ஓர் அறை இருந்தது.

என் மாணவிகளில் சிலருக்கு ஒருநாள் இப்படியொரு மனுவைப் படிக்க நேரலாம். படித்தால் முதலில் எழுவாயைத் தேடுங்கள். ‘நாங்கள்’ எந்தப் பத்தியில் முடிகிறது என்று பென்சிலால் குறித்துவையுங்கள். அதற்குப் பிறகு வருவதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.