பகைவர் கண்ணீர்: கிரேக்கச் சோக நாடகங்களில் நீதியும் மரணமும்

கிரேக்கச் சோக நாடகம் என்றாலே விதியின் கொடுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஈடிப்பஸ் மன்னனின் கதையொன்றையே அளவுகோலாகக் கொண்டு ஏனையவற்றையும் அளந்ததன் விளைவு இது. ஏஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிபிடிஸ் என்னும் மூவரின் படைப்புகளுள் காலத்தின் வாய்க்குத் தப்பி முழுமையாக எஞ்சியவை 30-க்குச் சற்று மேற்பட்டவையே. அவற்றை நிதானமாகப் பயின்று வருவோர்க்கு, விதியினும் மிகுதியாக எதிர்ப்படுவது பகைவனிடத்திலும் தன்னையே காணும் பெருங்கருணை என்பதும், அக்கவிகள் கண்ட நீதியின் ஊற்றுக்கண் அதுவே என்பதும் புலனாகும்.

எஞ்சியவற்றுள் மிகப் பழையதான ‘பாரசீகர்’ கி.மு. 472-இல் அரங்கேறியது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஏதன்ஸ் நகரம் பாரசீகப் படையால் தீக்கிரையாகி, சாலமிஸ் கடற்போரில் வென்று மீண்டிருந்தது. ஏஸ்கிலஸோ மராத்தான் களத்தில் பாரசீகரை எதிர்த்துத் தாமே நின்று போரிட்டவர். உடன்பிறந்தானை அக்களத்திலே பறிகொடுத்தவர். அத்தகையவர் எழுதிய நாடகத்தில் வெற்றி வீரன் ஒருவனும் மேடையேறவில்லை. கிரேக்கத் தளபதி ஒருவனின் பெயர்கூட ஒலிக்கவில்லை. மகனின் வரவை எதிர்நோக்கிக் கலங்கும் அரசமாதாவையும், கிழிந்த ஆடையோடு திரும்பிவந்து மடிந்தோரின் பெயர்களைக் கேட்டு அழும் பாரசீக மன்னன் ஜெர்க்ஸிஸையுமே கவி நம் முன் நிறுத்துகிறார். எந்தக் குன்றின் மீதிருந்த கோயில்களைப் பாரசீகர் எரித்தனரோ அதே அக்ரோபோலிஸின் சரிவில் அமர்ந்து இந்தப் புலம்பலைக் கேட்ட மக்களின் முன்னிலையில், இதற்கு முதற்பரிசு வழங்கப்பட்டது. உலக இலக்கிய சரித்திரத்தில் இதற்கு ஈடான செயல் வேறொன்று எனக்குப் புலப்படவில்லை.

கி.மு. 458-இல் வந்த ‘ஒரெஸ்தியா’வில் அதே கவி பழிக்குப் பழி என்னும் முடிவற்ற சங்கிலியை நியாயசபையின் முன் கொணர்கிறார். தாயைக் கொன்ற மகனுக்கு வாக்குகள் சரிசமமாக நிற்க, ஏதீனா தேவியின் ஆதரவால் விடுதலை கிட்டுகிறது. ஆயினும் வழக்கில் தோற்ற பழிதேவதைகளை அவள் விரட்டிவிடவில்லை; இனிய சொற்களால் சினந்தணித்து, நகரத்திலேயே அவர்களுக்கு இடமும் வழிபாடும் அளிக்கிறாள். பெரும்பாலான விமரிசகர்கள் தீர்ப்பைப் போற்றுவர். எனக்கோ தோற்றவர்க்கும் மானம் உண்டு என்ற இந்தச் சமாதானமே அந்நாடகத்தின் சிகரமாகத் தோன்றுகிறது.

கி.மு. 416-இல் ஏதன்ஸ் படை மீலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டே யூரிபிடிஸ் ‘ட்ராய் நகரப் பெண்டிர்’ நாடகத்தை அதே நகரத்தாரின் முன் வைத்தார். வென்றவர்களாகிய கிரேக்கர் மதிலிலிருந்து எறிந்து கொன்ற சிறுவனின் உடலை, அவன் தந்தையின் கேடயத்திலேயே கிடத்திப் பாட்டி அழும் காட்சியைத் தாங்கிப் படிப்பது எளிதன்று. அவ்வாண்டு இதற்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு.

சோபோக்ளிஸின் நாடகங்களுள் ‘ஆன்டிகனி’யைப் பலரும் அறிவர், ‘அயாக்ஸ்’ அத்துணை பேசப்படாதது பெருங்குறையே. ட்ராய்ப் போரில் மாண்ட அக்கிலிஸின் படைக்கலங்கள் தனக்குக் கிடைக்காது ஒடிஸியஸுக்குச் சென்றதால் வெகுண்ட வீரன் அயாக்ஸ், ஏதீனாவால் சித்தம் கலங்கி, மந்தைகளைப் படைத்தலைவர்களென்று எண்ணி வெட்டுகிறான். ஆட்டுக்கடா ஒன்றைத் தூணிலே கட்டி, ஒடிஸியஸ் என்றே நம்பிச் சவுக்கால் அடிக்கிறான். பகைவன் கோலத்தைக் கண்டு நகைத்திடுக என்று தேவி ஒடிஸியஸை அழைக்கிறாள். அவனுக்கோ நகைப்பு எழவில்லை. நாளை தனக்கும் இந்நிலை வரக்கூடும் என்ற எண்ணம் அவனை இரக்கத்தில் ஆழ்த்துகிறது. மனித சுபாவத்தைப் பற்றிய மூவரின் ஞானமும் இந்த ஒரு கணத்தில் திரண்டிருப்பதாகவே கருதுகிறேன். தெளிவடைந்த அயாக்ஸ் அவமானம் பொறாது தன் வாள்மீதே வீழ்ந்து மாள்கிறான். அவனைப் புதைக்கலாகாது என்று படைத்தலைவன் அகமெம்னன் தடுக்க, அவனுக்காக வாதாடி அனுமதி பெறுபவனும் ஒடிஸியஸே. தானும் ஒரு நாள் அந்த மண்ணை வேண்டி நிற்பவன்தானே என்பதே அவன் கூறும் நியாயம். இறந்தவனின் தம்பி நன்றி பாராட்டுகிறான். ஆயினும், அண்ணனின் ஆவி பொறுக்குமோ என்றஞ்சி, உடலைத் தொட மட்டும் ஒடிஸியஸுக்கு இசைவு தரவில்லை. ஒடிஸியஸ் அதனையும் ஏற்றுக்கொண்டு, மனத்தாங்கல் ஏதுமின்றி விலகிச் செல்கிறான்.